பெல்லெட் கிரில்லில் ஃபியூஸ் போனால்: தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புரட்டாசி முடிந்து வரும் முதல் வார இறுதியில் டர்பன் தமிழ் வீடுகளின் பின்புறம் களைகட்டிவிடும். ஒரு மாதம் கவிச்சி படாத அடுக்களையில் ஆட்டுச் சாப்ஸ் மசாலாவில் ஊறும். பெல்லெட் கிரில்லின் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரித்துச் சுடும் அடுப்பு) உறையை விலக்கி, ஹாப்பர் என்னும் தொட்டியில் பெல்லெட்டைக் கொட்டி, சுவிட்சைப் போடுவார்கள். திரை ஒளிர்ந்து சில நொடியில் அணைந்துவிடும். சில வீடுகளில் பிளக்குகள் எல்லாமே சேர்ந்து செத்துவிடும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கமிருந்து இந்தப் பருவத்தில் என்னிடம் வரும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, ஃபியூஸ் போச்சு. புதுசு போட்டேன், அதுவும் போச்சு."

அந்த இரண்டாவது ஃபியூஸ் போயிருக்கவே வேண்டாம். ஃபியூஸ் காரணமில்லாமல் எரிவதில்லை. கிரில்லுக்குள் ஏதோ ஒரு பாகம் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்திருக்கிறது. அது எந்தப் பாகம் என்று தெரிந்துகொள்ளும் முன் புதிய ஃபியூஸ் போடுவது காசுக்கும் கேடு, சில நேரம் கண்ட்ரோலர் போர்டுக்கும் கேடு. ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் பாதிக்கு மேற்பட்ட பழுதுகளை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கிரில்லுக்குள் மின்சாரம் எங்கே போகிறது

பெல்லெட் கிரில்லில் மின்சாரத்தின் வேலை சமைப்பது அல்ல. நெருப்பு மரத்தூள் பெல்லெட்டால் வருகிறது. மின்சாரம் மூன்று வேலைக்காரர்களை நடத்துகிறது. முதலாவது ஆகர்: ஹாப்பரிலிருந்து பெல்லெட்டை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகும் திருகுத் தண்டு, அதைச் சுழற்ற ஒரு சிறிய மோட்டார். இரண்டாவது, தீக்கிண்ணத்துக்குக் காற்று ஊதும் விசிறி. மூன்றாவது இக்னைட்டர்: கிண்ணத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் நீளக் கம்பி. சுவிட்சைப் போட்டதும் முதல் சில நிமிடங்கள் செக்கச் சிவந்து பெல்லெட்டைப் பற்றவைக்கும், பிறகு அணைந்துவிடும். இந்த மூன்றையும் ஆட்டுவிப்பது கண்ட்ரோலர் போர்டு.

மோட்டாரும் விசிறியும் குடிப்பது மிகக் கொஞ்சம். இரண்டும் சேர்ந்து ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதான். இக்னைட்டர் மட்டும் 200 முதல் 300 வாட் வரை இழுக்கும். தீயின் நடுவில், சாம்பலுக்குள், ஈரத்தோடு வாழ்வதும் அதுவே. எனவே ஃபியூஸ் போனால் முதல் சந்தேகம் எப்போதும் இக்னைட்டர் மேல்தான் விழ வேண்டும்.

அமெரிக்கக் கணக்கை இங்கே போடாதீர்கள்

இந்த அடுப்பு வகை 1980களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் உருவாக்கியது. இன்றும் இணையத்தில் கிடைக்கும் காணொளிகளும் அட்டவணைகளும் பெரும்பாலும் அமெரிக்க வீட்டுக்கானவை, அதாவது 120 வோல்ட்டுக்கானவை. நம்முடைய சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதே வாட் இக்னைட்டர் இங்கே ஏறக்குறைய பாதி ஆம்பியர்தான் இழுக்கும். அதன் ஓம் அளவோ கிட்டத்தட்ட நான்கு மடங்காக இருக்கும். 250 வாட் என்றால் அங்கே 2.1 ஆம்பியர், இங்கே 1.1 ஆம்பியர். அங்கே ஒருவர் "5 ஆம்பியர் போடுங்கள்" என்று சொல்வதைக் கேட்டு இங்கே கண்ணை மூடிக்கொண்டு போட்டால் காவல் தளர்ந்துவிடும்.

உறவினர் கப்பலில் அனுப்பிய அமெரிக்க கிரில்லா? பின்புறத்து உலோகத் தகட்டைப் படித்துவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நேரடியாகச் சொருகவே கூடாது. 200 வாட் அமெரிக்க இக்னைட்டர் நம் மின்சாரத்தில் 700 வாட்டுக்கு மேல் கக்கும். 5 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தடுக்கக்கூட மாட்டாது, ஏனென்றால் இழுப்பது 3.2 ஆம்பியர்தான், கம்பிதான் எரிந்து போகும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் 60 ஹெர்ட்ஸ் 50 ஆகத்தான் இருக்கும். ஆகர் மோட்டார் சாதாரண ஏ.சி. வகையாக இருந்தால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், பெல்லெட் குறைவாக விழும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கிலாந்து பிளக்கின் வயிற்றில் ஒரு ஃபியூஸ் இருக்கும். நம்முடைய மூன்று உருண்டைக் கம்பி பிளக்கில் அது கிடையாது. வீட்டின் மின்சாரம் பிரியும் டி.பி. போர்டில் இருக்கும் பிரேக்கர் சுவர்க் கம்பியைக் காக்க வைத்தது. கிரில்லின் மெல்லிய உள்கம்பிகளைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அவற்றுக்குக் காவல் கண்ட்ரோலரில் இருக்கும் அந்தச் சிறு கண்ணாடிக் குழாய் மட்டுமே. அதை ஏமாற்றினால் வேறு யாரும் இல்லை.

போனது ஃபியூஸ்தானா?

கழற்றத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

வீட்டின் பிளக்குகள் எல்லாம் செத்து, டி.பி. போர்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் கீழே விழுந்திருந்தால் கிரில்லின் ஃபியூஸ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் வழி தவறி உலோக உடலுக்கோ நிலத்துக்கோ கசிந்தாலே அந்தச் சுவிட்ச் விழும். ஃபியூஸுக்கு அது தூசு. இது கசிவுப் பழுது, இதைத் தனியாகக் கீழே பார்ப்போம். பிளக் சர்க்யூட்டின் பிரேக்கர் மட்டும் விழுந்திருந்தால் மின்வடத்திலோ பிளக்கிலோ ஷார்ட் இருக்கலாம்.

பிளக் பாயிண்டில் வேறு விளக்கு எரிகிறது, கிரில்லின் திரை மட்டும் இருட்டு என்றால் ஃபியூஸைச் சந்தேகிப்பது நியாயம். திரை எரிகிறது, விசிறி ஓடுகிறது, பெல்லெட் விழுகிறது, தீ மட்டும் பிடிக்கவில்லை என்றால் இக்னைட்டர் கம்பி உள்ளே அறுந்திருக்கும். சில போர்டுகளில் இக்னைட்டருக்கென்றே தனி ஃபியூஸ் உண்டு, அதுவும் போயிருக்கலாம்.

எப்போது போனது என்பதும் பாதி விடையைச் சொல்லிவிடும். சுவிட்சைப் போட்ட கணத்திலேயே போனால் போர்டு அல்லது மின்வடம். தீ மூட்டும் கட்டம் தொடங்கிய சில நொடியில் போனால் இக்னைட்டர். ஒரு மணி நேரம் நன்றாக ஓடி நடுவில் போனால், சூட்டில் உறை உருகிய கம்பி, சூடேறிய மோட்டார், அல்லது தணிந்த தீயை மீண்டும் மூட்ட முயன்ற இக்னைட்டர்.

கை வைக்கும் முன்

பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. உருவிய பிளக் உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். வீட்டில் யாராவது நல்லெண்ணத்தில் திரும்பச் சொருகிவிடுவார்கள்.

சமையல் நடுவில் ஃபியூஸ் போயிருந்தால் அவசரப்பட்டு மூடியைத் திறக்காதீர்கள். விசிறி நின்றதும் பெல்லெட் காற்றில்லாமல் புகைந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்ததும் புதுக்காற்று புகுந்து குப்பென்று தீப்பிடிக்கலாம். புகை அடங்கும்வரை மூடியே இருக்கட்டும். அடங்கிய பின் இறைச்சியை அடுப்புக்கோ ஓவனுக்கோ மாற்றுங்கள். 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த அரைவேக்காட்டுக் கோழியைப் பரிமாறவே கூடாது.

கிரில் முழுக்க ஆறிய பின்தான் சாம்பலை அள்ள வேண்டும், முடிந்தால் மறுநாள் காலையில். சாம்பலுக்குள் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். வீட்டு வேக்குவம் கிளீனரில் அது போனால் பையோடு எரியும். தீக்கிண்ணத்தில் குவிந்து கிடக்கும் எரியாத பெல்லெட்டையும் கட்டாயம் அகற்றுங்கள். தீ பிடிக்காத நேரத்தில் ஆகர் தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கும். அந்தக் குவியலோடு மறுபடி மூட்டினால் மூடி தூக்கியெறியும் அளவுக்கு வெடித்துப் பற்றக்கூடும். இந்த ஒரு வேலையைத் தவிர்க்கிறவர்கள்தான் புருவத்தை இழக்கிறார்கள்.

ஃபியூஸைக் கழற்றிப் படித்தல்

பெரும்பாலான மாடல்களில் ஹாப்பரின் பக்கவாட்டில் கண்ட்ரோலர் இரண்டு திருகுகளில் நிற்கும். திருகைக் கழற்றி மெதுவாக வெளியே இழுத்தால் போர்டின் பின்புறத்தில் ஃபியூஸ் தெரியும். சிலவற்றில் மின்வடம் நுழையும் இடத்திலேயே சிறு மூடிக்குள் இருக்கும். எதையும் பிடுங்குவதற்கு முன் கைபேசியில் படம் எடுங்கள், எந்தக் கம்பி எந்த இடத்தில் என்று தெளிவாகத் தெரியும்படி.

கம்பி நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க முறையில் கறுப்புக் கம்பியில்தான் உயிர்மின்சாரம், வெள்ளை நியூட்ரல். நம் ஊர் வீட்டுச் சுவர்க் கம்பிகளில் சிவப்பு உயிர், கறுப்பு நியூட்ரல். சாதனங்களின் மின்வடத்தில் பழுப்பு உயிர், நீலம் நியூட்ரல். வீட்டு வயரிங்கில் பழகிய கை, கிரில்லுக்குள் கறுப்பைப் பார்த்து அலட்சியமாகத் தொட்டுவிடும். சில மாடல்களில் ஊதா இக்னைட்டருக்கும், ஆரஞ்சு விசிறிக்கும், சிவப்பு ஆகருக்கும் போகும்; ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு வெள்ளை. எல்லா நிறுவனமும் இப்படிச் செய்வதில்லை. கையேட்டின் படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

ஃபியூஸை பிளாஸ்டிக் இடுக்கியால், இல்லையென்றால் விரலால் எடுங்கள். கண்ணாடி என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி சுத்தமாக இருந்து நடுவில் இழை மட்டும் அறுந்திருந்தால் கொஞ்சம் அதிகப்படியான சுமை, அல்லது வயது. கண்ணாடி உள்ளே கருத்தோ வெள்ளிப் பூச்சு போலவோ ஆகியிருந்தால் நேரடி ஷார்ட், இழை ஆவியாகியிருக்கிறது. அப்படிப்பட்ட ஃபியூஸைப் பார்த்த பின் இன்னொன்றைச் சும்மா போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமே வரக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாமலும் போயிருக்கும். பீங்கான் ஃபியூஸில் பார்க்கவே வழியில்லை. மல்டிமீட்டரை பீப் சத்தம் தரும் நிலையில் வைத்து இரு முனையிலும் தொடுங்கள். சத்தம் வந்தால் நல்லது, வராவிட்டால் போனது. ஃபியூஸ் போர்டில் இருக்கும்போதே சோதித்தால் வேறு பாதை வழியாகத் தவறான விடை வரும். கழற்றித்தான் சோதிக்க வேண்டும்.

எந்த ஃபியூஸ் வாங்குவது

உலோக முனையில் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது. எண் ஆம்பியர் அளவு. முன்னால் எஃப் என்றால் வேகமாக உருகும் வகை. டி என்றால் சிறிது தாமதித்து உருகும் வகை, தொடக்கத்தில் வரும் நொடிநேர ஏற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும். பின்னால் எல் என்பது கண்ணாடி வகையின் குறைந்த முறிதிறன். எச் என்பது பீங்கான் வகையின் உயர்ந்த முறிதிறன், 1500 ஆம்பியர் ஷார்ட்டையும் உடையாமல் நிறுத்தும். எச் இருந்த இடத்தில் எல் போடக்கூடாது. வோல்ட் 250 என்று இருக்க வேண்டும். அளவிலும் இரண்டு வகை புழங்குகிறது: 5×20 மில்லிமீட்டர், 6.3×32 மில்லிமீட்டர். பழைய ஃபியூஸைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். எழுத்து அழிந்திருந்தால் போர்டிலேயே ஃபியூஸுக்கு அருகில் அச்சிட்டிருக்கும்.

கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் தட்டை ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனது. 230 வோல்ட் பாதையில் அதைச் சாமர்த்தியமாகப் பொருத்தினால் அறுந்த பிறகும் தீப்பொறி தாவிக்கொண்டிருக்கும். அலுமினியத் தாளைச் சுற்றுவது, செப்புக் கம்பியை முறுக்கி வைப்பது, 3 இருந்த இடத்தில் 10 போடுவது ஆகியவற்றை நான் யாருக்கும் ஒருபோதும் சொல்லிக்கொடுக்க மாட்டேன். ஹாப்பரில் பல கிலோ உலர்ந்த மரம் இருக்கிறது. அதற்கு ஒட்டிய பெட்டியில் கம்பி உருகினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

வாங்கும்போது ஒன்றாக வாங்காமல் ஒரு சிறு பாக்கெட்டாக வாங்குங்கள். சோதனைக்கே இரண்டு மூன்று செலவாகலாம்.

குற்றவாளியைத் தேடுதல்: இக்னைட்டர்

நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். இக்னைட்டர் கம்பிகளின் இணைப்பைப் பிரியுங்கள். மீட்டரை ஓம் நிலைக்கு மாற்றி இரு கம்பி முனைகளில் தொடுங்கள். 230 வோல்ட் கம்பிக்கு 200 வாட் என்றால் ஏறக்குறைய 265 ஓம், 250 வாட் என்றால் 210, 300 வாட் என்றால் 175 வர வேண்டும். பத்து சதவீதம் கூடுதல் குறைவு பெரிதல்ல. உங்கள் கம்பியின் வாட் வேறாக இருந்தால் 52,900 ஐ அந்த வாட்டால் வகுங்கள், வருவதுதான் ஓம்.

சில ஓம் மட்டும் காட்டினாலோ பீப் சத்தமே வந்தாலோ கம்பி உள்ளே ஷார்ட். ஃபியூஸைத் தின்றது அதுவே. ஓ.எல் (OL, மின்சாரம் போக வழியே இல்லை என்பதற்கு மீட்டர் காட்டும் குறி) என்று காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. அப்படி அறுந்த கம்பி தீ மூட்டாது, ஃபியூஸையும் எரிக்காது. ஆனால் அறுந்துபோகும் தருவாயில் உள்ளே பொறி தாவி ஃபியூஸைக் கூட்டிக்கொண்டு போவது உண்டு. ஆகவே ஃபியூஸ் போய், இக்னைட்டரும் ஓ.எல் காட்டினால், இரண்டையும் மாற்ற வேண்டும்.

அடுத்து மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையைக் குழாயின் உலோக உடலிலும் வையுங்கள். இங்கே ஓ.எல் வந்தால்தான் நல்லது. எண் ஏதேனும் வந்தால் மின்சாரம் உடலுக்குக் கசிகிறது.

கண்ணாலும் பாருங்கள். முனை வீங்கியிருக்கிறதா, நீளவாக்கில் விரிசல் உண்டா, கம்பி வெளிவரும் இடத்தில் உறை கருகியிருக்கிறதா? கம்பிகள் ஆகர் குழாயை ஒட்டியோ கூர்மையான தகட்டு விளிம்பில் உரசியோ போகின்றனவா? நல்ல இக்னைட்டர் இருந்தும், உரசித் தோல் உரிந்த ஒரு கம்பி ஃபியூஸைத் தொடர்ந்து தின்னும்.

புதிய மாடல்கள் சிலவற்றில் இக்னைட்டரே பீங்கான் வகை; விசிறியும் ஆகரும் டி.சி.யில் ஓடும். அவற்றுக்கு மேலே சொன்ன ஓம் கணக்கு பொருந்தாது. கையேட்டு அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மூவர்

விசிறியைக் கையால் சுழற்றினால் தடையில்லாமல் ஓட வேண்டும். கொழுப்பும் தூசும் அப்பியிருந்தால் சுத்தம் செய்யுங்கள். ஏ.சி. விசிறியின் கம்பிகளுக்கிடையே ஓம் பார்த்தால் பூச்சியமும் வரக்கூடாது, ஓ.எல்லும் வரக்கூடாது. உடலுக்கு ஓ.எல் வர வேண்டும். ஆகர் மோட்டாருக்கும் இதே சோதனை.

ஆகர் சிக்கியிருப்பது வேறு கதை. டர்பனின் ஈரக் காற்றைக் குடித்த பெல்லெட் உப்பி, உதிர்ந்து, குழாய்க்குள் சிமெண்ட் போல இறுகும். சிக்கினால் முதலில் ஒடிவது பொதுவாக மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் சிறு ஆணிதான், ஃபியூஸ் அல்ல. ஆனால் அந்த ஆணி ஒடியாமல் மோட்டார் பல மணி நேரம் நின்ற இடத்தில் முனகினால் சுருளின் பூச்சு வெந்து ஷார்ட் ஆகும். எரிந்த வார்னிஷ் வாடை வந்தால் மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும் முன் குழாயைச் சுத்தம் செய்யாவிட்டால் புதிய மோட்டாருக்கும் அதே கதிதான். பெல்லெட் நல்லதா என்று பார்க்க ஒன்றை ஒடியுங்கள்: சட்டென்று சத்தத்தோடு ஒடிய வேண்டும். நசுங்கினால் கொட்டிவிடுங்கள்.

போர்டில் தேட வேண்டியது ஃபியூஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தான் போன்ற வட்ட வில்லை. மின்னழுத்தம் திடீரென ஏறினால் அதைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆகி, ஃபியூஸை எரித்து, மீதியைக் காப்பாற்றுவது அதன் வேலை. அது வெடித்தோ கருகியோ இருந்தால் விடை கிடைத்துவிட்டது. சாலிடர் தெரிந்தவர் அந்த வில்லையை மட்டும் அதே அளவில் மாற்றலாம். மற்றவர்கள் போர்டை மாற்றுவது நல்லது. போர்டில் பல்லி செத்துக் கிடக்கிறதா, எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கேட் மோட்டாரைப் பல்லிக்கும் எறும்புக்கும் பலி கொடுத்த வீட்டார் இங்கே ஏராளம். கிரில் போர்டும் அவற்றுக்கு அதே கதகதப்பான இருட்டுதான்.

ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தல்

மீட்டர் எல்லாம் நல்லது என்று சொன்னாலும், அல்லது மீட்டரே இல்லாவிட்டாலும், இந்த முறை ஏமாற்றாது. ஆகர், விசிறி, இக்னைட்டர் மூன்றின் இணைப்பையும் பிரித்து, திறந்த முனைகள் எதையும் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். சரியான அளவுள்ள புதிய ஃபியூஸைப் போட்டு, கண்ட்ரோலரை அதன் இடத்தில் பொருத்திய பிறகு பிளக்கைச் சொருகுங்கள். ஃபியூஸ் உடனே போனால் குற்றம் போர்டிலோ மின்வடத்திலோதான். திரை ஏதாவது பிழை காட்டினாலும் ஃபியூஸ் நின்றால் அவை தப்பின.

அணைத்து, பிளக்கை உருவி, விசிறியை மட்டும் இணைத்து மறுபடி ஓட்டுங்கள். பிறகு ஆகர். கடைசியாக இக்னைட்டர். எதை இணைத்ததும் ஃபியூஸ் போகிறதோ, அந்தப் பாகம் அல்லது அதற்குப் போகும் கம்பிதான் குற்றவாளி. ஒவ்வொரு முறையும் பிளக்கை உருவிய பின்தான் கை உள்ளே போக வேண்டும். சோம்பலில் ஒருமுறை தவறினாலும் 230 வோல்ட் மன்னிக்காது.

இக்னைட்டரை மாற்றுதல்

பெல்லெட்டை ஹாப்பரிலிருந்து வெளியே எடுங்கள். கம்பித்தட்டு, கொழுப்பு வடியும் தட்டு, தீத்தடுப்புத் தகடு மூன்றையும் எடுத்தால் தீக்கிண்ணம் தெரியும். அதன் திருகுகளைக் கழற்றி, கிண்ணத்தையும் இக்னைட்டரையும் சேர்த்தே வெளியே இழுங்கள். துருப்பிடித்த திருகு அடம்பிடித்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். கடலோர வீட்டில் இது அநேகமாக நடக்கும். இழுப்பதற்கு முன், கண்ட்ரோலர் பக்கத்துக் கம்பி முனையில் ஒரு கெட்டியான நூலைக் கட்டிவிடுங்கள். பழைய கம்பி வெளியே வரும்போது நூல் அதன் பாதையில் உள்ளே போய் நிற்கும். புதிய கம்பியைக் கட்டி எதிர்ப்புறமாக இழுத்தால் தேடாமல் போய்ச் சேரும்.

வாங்கும் இக்னைட்டர் 230 வோல்ட் என்று உறையில் எழுதியிருக்க வேண்டும். இணையத்தில் மலிவாக வருவது பெரும்பாலும் 120 வோல்ட். நீளமும் விட்டமும் பழையதோடு ஒத்துப்போகட்டும். கிண்ணத்துக்குள் கம்பி முனை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீட்டியிருக்கும்படி வைத்து, பிடிதிருகை மென்மையாக இறுக்குங்கள். மூர்க்கமாக இறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளேயே ஷார்ட் ஆகும். கம்பியை விசிறி இறக்கையிலிருந்தும் ஆகர் குழாயிலிருந்தும் விலக்கிக் கட்டுங்கள். இணைப்புகளில் சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் வழிந்துவிடும். வெப்பம் தாங்கும் இணைப்பியே போட வேண்டும். பச்சை மஞ்சள் எர்த் கம்பியைக் கழற்றியிருந்தால் அதை முதலில் திரும்ப மாட்டுங்கள்.

பின் சோதனை ஓட்டம்: கிண்ணம் காலி, மூடி திறந்த நிலை, ஹாப்பரில் ஒரு கைப்பிடி பெல்லெட். முனை சிவப்பதையும், பெல்லெட் விழுவதையும், தீ பிடிப்பதையும் கண்ணால் பார்த்த பிறகே மூடியைச் சாத்துங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைக்கும்போது கிரில்லே தன் விசிறியை ஓட்டி ஆறும்வரை பிளக்கைத் தொடாதீர்கள்.

எர்த் லீக்கேஜ் மட்டும் விழுந்தால்

இக்னைட்டர் குழாய்க்குள் கம்பிச் சுருளைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி நிரப்பியிருக்கும். அது வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். ஒரு மாதம் சும்மா நின்ற கிரில்லில், கிண்ணத்தில் விட்ட சாம்பலும் ஈரத்தை இழுத்து அதன்மேல் சேற்றுப் பூச்சாகக் கிடக்கும். புரட்டாசி நம்முடைய வசந்தகால மழையோடு சேர்ந்து வருவதால் இந்தப் பழுது விரதம் முடிந்த வாரத்தில் குவிகிறது.

சாதாரண மீட்டரில் இந்தக் கசிவு தெரியாமலும் போகலாம், ஏனென்றால் அதன் பேட்டரி சில வோல்ட்தான். எலக்ட்ரீஷியன்கள் மெக்கர் என்னும் 500 வோல்ட் கசிவுமானியால் சோதிப்பது இதனால்தான். உங்களால் செய்யக்கூடியது: இக்னைட்டர் இணைப்பை மட்டும் பிரித்துவிட்டு கிரில்லை ஓட்டிப் பாருங்கள். எர்த் லீக்கேஜ் நின்றால் கசிவு அங்கேதான், மாற்றிவிடுங்கள். எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சுவிட்ச் விழாது என்று சொல்பவர்கள் உண்டு. சுவிட்ச் விழாது என்பது உண்மை, கிரில்லின் உடல் முழுவதும் மின்சாரம் நிற்கும் என்பதும் உண்மை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மூடியைத் திறப்பது நம் பிள்ளைகள்தான். அந்த யோசனையைக் காதில் வாங்காதீர்கள்.

இக்னைட்டரைப் பிரித்த பிறகும் விழுந்தால், அல்லது கிரில்லே இல்லாமல் விழுந்தால், பழுது வீட்டு வயரிங்கில். சுவருக்குள் இருக்கும் கம்பியைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

மின்வெட்டும் ஈரமும்

லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023 இல் பழகிய ஒரு நல்ல வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்: மின்சாரம் போனதும் கிரில்லின் பிளக்கை உருவுவது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பி வரும் மின்சாரம் அழுத்தம் ஏறி இறங்கி வரும், அந்த வட்ட வில்லை போவது அப்போதுதான். வந்து சில நிமிடம் கழித்துச் சொருகுங்கள், நல்ல சர்ஜ் பிளக் வழியாக. இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் தூய சைன் அலை தரும் வகையாகவும், தொடக்கத்தில் இக்னைட்டர், மோட்டார், விசிறி மூன்றும் சேர்ந்து இழுப்பதைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். மலிவான இன்வெர்ட்டரின் கரடுமுரடான அலையில் ஏ.சி. மோட்டார்கள் சூடேறி முனகும்.

விரதத்துக்கு முந்தைய கடைசிச் சமையல் முடிந்ததும் ஹாப்பரைக் காலி செய்து, ஆகரில் மிச்சமிருப்பதை எரித்து முடித்து, சாம்பலை அள்ளி, முழுக்க ஆறிய பின் உறை போடுங்கள். பெல்லெட்டை இறுக்கி மூடும் வாளியில் வையுங்கள். இதைவிடவும் நல்லது ஒன்று உண்டு: வாரம் ஒருமுறை கிரில்லை மூட்டி இருபது நிமிடம் ஓடவிடுவது. செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் புரட்டாசிக்குள்தான் வருகிறது. ஊரே பிராய் (இறைச்சி சுடும் திறந்தவெளி அடுப்பு) மூட்டும் அன்று, சைவத்துக்கென்று தேய்த்துக் கழுவிய கம்பித்தட்டில் மக்காச்சோளமும் பனீரும் சுடலாம். இக்னைட்டரும் காயும், விரதமும் கெடாது.

கிரில் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் கண்ட்ரோலரைத் திறக்கும் முன் விற்ற கடைக்கு எழுதிக் கேளுங்கள். ஃபியூஸ் மாற்றுவதை அநேகமாக அனுமதிப்பார்கள், போர்டில் சாலிடர் வைத்தால் உரிமை போய்விடலாம். கருகிய ஃபியூஸின் படத்தையும் ஓம் அளவுகளையும் அனுப்பினால் எந்தப் பாகம் வேண்டும் என்று கடைக்காரருக்கும் உடனே புரியும்.